சூளையில் சுட்ட வஞ்சினம்

ஆங்கிலோ சாக்சன் வீரகாவியங்களில் வீரன் என்பவன் யார் என்று பதினைந்து மதிப்பெண்ணுக்கு எழுத வேண்டும். இரண்டு வருடமாக எழுதுகிறேன், இரண்டு வருடமும் அந்த ஒரு பேப்பர்தான் காலை வாரியது. அஞ்சல் வழியில் எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கிறவளுக்கு மற்ற எல்லாப் பாடமும் வந்துவிட்டது, இந்த வீரன் மட்டும் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறான். "உனக்கெதுக்கு இந்த வேலை, வுட்டுடு" என்று என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். அவர் அப்படிச் சொன்னதற்காகவே மூன்றாம் தடவையும் பரீட்சைக்குப் பதிந்தேன்.

என் பேர் வேல்விழி. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். பீங்கான் என்றதும் எல்லாரும் பொம்மையா, ஜாடியா என்று கேட்பார்கள். டாய்லெட். வெஸ்டர்ன், இண்டியன் இரண்டும் செய்கிறோம். சூளையிலிருந்து இறங்குகிற ஒவ்வொன்றையும் சின்ன மரக்கட்டையால் தட்டிப் பார்ப்பதும், தண்ணீர் ஊற்றி ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்ப்பதும் என் வேலை. தட்டினால் ணங்கென்று கேட்க வேண்டும். டொப்பென்று கேட்டால் உள்ளே விரிசல், ஓரமாக ஒதுக்கிவிடுவேன்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மாதம் நூற்றைம்பது டாய்லெட் செய்து நாடு பூரா அனுப்புகிற இந்தக் கம்பெனியில், வேலை பார்க்கிற பதினோரு பெண்களுக்கு ஒரு டாய்லெட் கிடையாது. ஆண்களுக்கும் கிடையாதுதான், ஆனால் அவர்களுக்கு உலகத்தில் இருக்கிற எல்லாச் சுவரும் சொந்தம். முதலாளிக்கு வீடு இரண்டு தெரு தள்ளி, பைக்கில் போய்விட்டு வந்துவிடுவார். நாங்கள் ரோட்டைத் தாண்டி எதிரே இருக்கிற பெட்ரோல் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தோம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வீரனுக்கு வருகிறேன்.

எனக்குப் படிக்க நேரம் டீ வேளைதான். ஒரு நாள் நோட்டை விரித்து வைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மண் பிசைகிற பிரிவில் இருக்கிற காசியம்மாள் அக்கா, என்னடி மந்திரம் ஓதுகிறாய் என்று கேட்டாள். வாய்விட்டுச் சொன்னாலாவது ஏறுகிறதா பார்க்கலாம் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்து. நம் ஷெட் மாதிரி ஒரு நீளமான கூடம். இரண்டு பக்கமும் பெஞ்சு. பெஞ்சில் வீரர்கள், தலைமாட்டில் ராஜா. தேனைப் புளிக்கவைத்த கள்ளை எல்லாருக்கும் ஊற்றிக் கொடுப்பார்கள். ராஜா தன் கையில் கிடக்கிற தங்க வளையத்தைக் கழற்றி வீரனுக்குக் கொடுப்பான். கொடுக்கிறவன்தான் ராஜா, கொடுக்காதவனைப் பாட்டில் ஏசுவார்கள். கள்ளை வாங்கிய வீரன் கோப்பையோடு எழுந்து நின்று, நாளைக்கு நான் இதைச் செய்வேன், செய்யாமல் திரும்ப மாட்டேன் என்று எல்லார் காதும் கேட்கச் சொல்லுவான். சொன்னால் சொன்னதுதான். ராஜா விழுந்தாலும் களத்தை விட்டு நகர மாட்டான். செத்தபிறகு பேர் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்குக் கவலை.

சூளைக்காரர் தனக்கோடி அண்ணன் டீயைக் குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை, தூண் மாதிரி உடம்பு. "சொல்லிட்டுச் செய்யலன்னா?" என்று கேட்டார்.

செத்துப்போவதே மேல் என்று சொன்னேன். அப்படியானால் மேடையில் மைக்கைப் பிடித்துப் பேசுகிறவர்கள் எல்லாம் வீரனா என்றார். அது சவடால், இது வஞ்சினம் என்றேன். நம்ம ஊரிலும் அந்தக் காலத்தில் வீரர்கள் வஞ்சினம் சொல்லிவிட்டுத்தான் போருக்குப் போனார்கள், செத்தவனுக்கு நடுகல் நட்டார்கள் என்று எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து அடித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்திருக்கலாம்.

தனக்கோடி அண்ணனுக்கு ஒரு குறை உண்டு. நாய் என்றால் அவருக்குக் குலை நடுங்கும். கம்பெனி கேட்டருகே ஒரு செவலை நாய் படுத்துக்கிடக்கும். வாசலை விட்டு அசையாது, யாரையும் மதிக்காது, அதனால் அதற்குக் கலெக்டர் என்று பேர். அதற்குப் பயந்து இரண்டு வருடமாக அண்ணன் பின்பக்கச் சுவரேறிக் குதித்துத்தான் வேலைக்கு வருகிறார். ஆயிரத்து இருநூறு டிகிரிச் சூளைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற மனுஷன். அன்றைக்கு அவர் டீ கிளாஸோடு எழுந்து நின்று, "நாளையிலேர்ந்து நான் கேட்டு வழியாத்தான் வருவேன்" என்றார்.

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். நாங்கள் பீங்கான்காரர்கள், எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கையில் எது கிடைத்தாலும் அதில் எழுதி, கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்கி, சூளையில் வைத்துவிடுவோம். மிச்ச மண்ணில் ஊற்றிய வெறும் கோப்பை நாலைந்து ஷெட்டில் கிடந்தது. நான்தான் நல்ல கையெழுத்துக்காரியாயிற்றே, நீலச் சாயத்தைத் தொட்டு அவர் சொன்னதை அப்படியே ஒரு கோப்பையில் எழுதிக் கொடுத்தேன். அண்ணன் அதை அன்றைய அடுக்கோடு சேர்த்துச் சூளையில் ஏற்றிவிட்டார்.

காகிதத்தில் எழுதினால் கிழிக்கலாம். சுவரில் எழுதினால் சுண்ணாம்பு பூசலாம். சூளையில் சுட்டதை என்ன செய்வீர்கள்? மண்ணோடு மண்ணாக எழுத்தும் வெந்து கல்லாகிவிடும். மறுநாளுக்கு மறுநாள் கோப்பை வெளியே வந்தது, பளபளவென்று, "கேட்டு வழியாத்தான் வருவேன் - தனக்கோடி" என்று.

அதற்கு முன்பே, சொன்னபடி மறுநாள் காலையில் அண்ணன் கேட் வழியாக வந்திருந்தார். கலெக்டர் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியும் பாதி உயிர் போய்விட்டது அவருக்கு. உள்ளே பத்தடி வந்ததும் நாய் எழுந்து சாவகாசமாகப் பின்னால் வந்தது, அவர் பையில் இருந்த பிஸ்கட் வாசனைக்கு. அண்ணன் சூளையை மூன்று சுற்றுச் சுற்றி ஓடினார். ஓடினார்தான், ஆனால் சுவரேறவில்லை. அது வீரத்தில் சேருமா சேராதா என்று டீ வேளையில் பெரிய விவாதம் நடந்தது. சேரும் என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

அதோடு தொற்றிக்கொண்டது. எல்லாருக்கும் கோப்பை வேண்டும், எல்லாருக்கும் வஞ்சினம் வேண்டும். லாரியில் ஏற்றிவிடுகிற சக்கரபாணி, ஹான்ஸ் புகையிலை போடுவதை விடுவதாக எழுதச் சொன்னான். காசியம்மாள் அக்கா வெகுநேரம் யோசித்துவிட்டு, "மருமவ சமையலக் கொற சொல்ல மாட்டேன்னு எழுதுடி" என்றாள். அந்த இங்கிலாந்துக் கூடத்தில் கூட இப்படி ஒரு பயங்கரமான சபதத்தை எவனும் எடுத்திருக்க மாட்டான். எட்டாம் நாள் சாம்பார் எப்படி என்று கேட்டேன். "அதப் பத்திப் பேச மாட்டேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கோப்பைகளை எல்லாம் ஷெட் சுவரில் வரிசையாக ஆணியடித்து மாட்டினோம்.

நான் மட்டும் எழுதவில்லை. வாத்தியாருக்கு எதற்கு வீட்டுப்பாடம் என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் பெட்ரோல் பங்கில் டைல்ஸ் மாற்றுகிறோம் என்று பூட்டுப் போட்டார்கள். மாற்றி முடித்தபிறகும் பூட்டு அப்படியே இருந்தது. அதன்பிறகு ரயில் லைன் ஓரத்துக் கருவேல முள்தான் எங்களுக்கு. இரண்டிரண்டு பேராகப் போவோம், ஒருத்தி உள்ளே, ஒருத்தி காவல். கடலூர் பாசஞ்சர் வருகிற நேரம் எங்கள் பதினோரு பேருக்கும் மனப்பாடம். ஒரு நாள் அது இருபது நிமிடம் முன்னதாக வந்துவிட்டது. உள்ளே இருந்தவள் நான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருத்தன் கையை வேறு ஆட்டிவிட்டுப் போனான்.

முள் கிழித்த காலோடு ஷெட்டுக்கு வந்தேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காவியம் பூரா புரட்டிப் பார்த்துவிட்டேன், அதில் ஒரு வீரனாவது ஒதுங்க இடமில்லாமல் அலைந்தான் என்று ஒரு வரி கிடையாது. ஒரு கோப்பையை இழுத்து, "பொம்பளைங்களுக்கு இங்க ஒரு பாத்ரூம் கட்ட வைக்காம விட மாட்டேன் - வேல்விழி" என்று எழுதினேன். கோபம் தணிவதற்குள் தனக்கோடி அண்ணன் அதைச் சூளைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். மாலையில் வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போதுதான் என்ன செய்து தொலைத்தேன் என்று உறைத்தது.

பயப்படாமல் என்ன செய்ய? எங்கள் முதலாளி ராஜ்மோகனிடம் ஆறு வருடத்தில் மூன்று முறை கேட்டிருக்கிறேன். "பாக்கலாம்மா" என்பார், அத்தோடு சரி. எனக்கு முன்னால் இதையே கொஞ்சம் சத்தமாகக் கேட்ட அமிர்தம் என்கிற பெண்ணை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு இந்த வேலை வேண்டும். பரீட்சைக்கு லீவு கொடுக்கிற முதலாளி இந்த ஊரில் இவர் ஒருத்தர்தான். ஆகவே கோப்பை வந்ததும் எழுத்துப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினேன். காசியம்மாள் அக்கா அதை வெளியே பார்க்கத் திருப்பினாள். தினமும் காலையில் நான் உள்ளே திருப்புவேன், பத்து மணிக்கு அவள் வெளியே திருப்புவாள். ஒரு வாரம் இப்படியே போனது.

முதலாளி ஒரு நாள் ஷெட்டுக்குள் வந்து கோப்பைகளைப் பார்த்துவிட்டார். ஒவ்வொன்றாகப் படித்தார். என்னுடையதையும் படித்தார், "பாக்கலாம்மா" என்றார். பிறகு இதெல்லாம் என்ன கூத்து என்று கேட்டார். நான் கூடத்தையும் கள்ளையும் ராஜாவையும் சொன்னேன். ராஜாவுக்காக வீரன் களத்தை விட்டு நகராமல் சாவான் என்ற இடம் வந்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அப்போ இங்கே யார் ராஜா என்று கேட்டார். "நீங்கதாங்க" என்றார் தனக்கோடி அண்ணன். பாவி மனுஷன், மனதாரச் சொன்னார்.

அன்றிலிருந்து எங்களுக்குப் பிடித்தது சனி. யாராவது ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டால் களத்தை விட்டு ஓடுகிறாயா என்பார். வயிற்றுவலி என்றால் வீரனுக்கு ஏது வயிற்றுவலி என்பார். இங்கிலீஷ்காரன் காவியத்திலேயே எழுதியிருக்கிறான் என்று என் வாயால் கேட்டதை என்னிடமே திருப்பி விற்பார். எனக்குச் சுர்ரென்று ஏறும். ஏறி என்ன செய்ய, பாடம் எடுத்தவள் நான்.

அவருக்கும் ஒரு கோப்பை வேண்டும் என்றார். எல்லாருடையதையும் விடப் பெரியதாக. ராஜாவைக் காவியத்தில் எப்படிப் புகழ்வார்கள், அதையே எழுது என்றார். கடவுள் சத்தியமாக எனக்கு அப்போது உள்நோக்கம் எதுவும் இல்லை. கொஞ்சம்தான் இருந்தது. "கேட்டதைக் கொடுப்பவன்னு சொல்லுவாங்க மொதலாளி" என்றேன். அப்படியே எழுதச் சொன்னார். கீழே தன் பேரைக் கொட்டை எழுத்தில் போடச் சொன்னார். கிளேஸை இரண்டு தடவை முக்கச் சொன்னார். அரை லிட்டர் பிடிக்கிற கோப்பையில் "கேட்டதைக் கொடுப்பவன் ராஜ்மோகன்" என்று எழுதிச் சுட்டுக் கொடுத்தேன். சரக்கு வாங்க வருகிறவர்களுக்கு எல்லாம் எழுத்து தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு அதில் டீ குடித்தார்.

ஆனி மாதம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. எங்கேயோ பெண்கள் ஹாஸ்டல் கட்டுகிறார்களாம், இருநூறு வெஸ்டர்ன். மூன்று வாரம் ஒரு நாள் லீவில்லாமல் உழைத்தோம். காசியம்மாள் அக்கா தன் அண்ணன் மகள் வளைகாப்புக்கே போகவில்லை. இருநூறையும் நானே தட்டி, நானே தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். லாரி ஏற்றுகிற அன்று முற்றம் பூரா வைக்கோலைப் பரப்பி அதன்மேல் வரிசை வரிசையாக வைத்திருந்தோம். வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறித்தது.

சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட ஹாஸ்டல் கட்டுகிறவர்கள் ஒரு சின்னப் பெண்ணை அனுப்பியிருந்தார்கள். இனியா என்று பேர், இன்ஜினியர். சுறுசுறுப்பான பெண். காலை எட்டு மணிக்கே கிளம்பி வந்ததாம். பாதி வரிசை பார்த்து முடித்தபோது என் பக்கத்தில் வந்து, "அக்கா, இங்க பாத்ரூம் எங்கருக்கு?" என்று மெதுவாகக் கேட்டது.

எங்கள் இரண்டு பேரையும் சுற்றி இருநூறு டாய்லெட். இல்லைம்மா என்றேன். தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தது. பங்குப் பூட்டையும் முள்ளுக்காட்டையும் பாசஞ்சரையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது ஓட்டலில் பார்க்கிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போனது.

முதலாளி ஆபீஸிலிருந்து ஓடி வந்தார். அந்தப் பெண் கையெழுத்துப் போடாமல் எங்கே போனது, நீ என்ன சொன்னாய் என்று எல்லார் எதிரிலும் கத்தினார். நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "வெளியூர்ப் பொண்ணுகிட்ட மானத்த வாங்கிட்டியே. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா எங்க வூட்டுக்கு அனுப்பிருப்பன்ல?"

இதுவரைக்கும் எனக்குப் பயம்தான் இருந்தது. அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அது எங்கே போனதென்று தெரியவில்லை. "ஆறு வருசமா சொல்றேங்க. எங்கள ஒரு நாளும் அனுப்பலியே" என்றேன்.

சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஷெட்டுக்குள் போனேன். என் கோப்பையை எடுத்தேன். தூக்குவாளியிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்து நடுவில் நின்றேன். கோப்பையில் இருந்ததை, என் பேர் உட்பட, உரக்கப் படித்தேன். லாரி டிரைவர்கள் இரண்டு பேர், சக்கரபாணி, முதலாளி, எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். படித்து முடித்ததும்தான் பயம் திரும்பி வந்தது. இரண்டு காலும் வெடவெடவென்று நடுங்கியது. விழுந்துவிடுவேன் போலிருந்தது. பக்கத்தில் இருந்த வெஸ்டர்ன் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன்.

பின்னால் இதைப் போராட்டம் என்று ஊரெல்லாம் பேசினார்கள். யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் பண்ணுகிறேன், நான் எந்தப் போராட்டமும் ஆரம்பிக்கவில்லை. கால் நடுங்கியது, உட்கார்ந்தேன். காசியம்மாள் அக்கா அதைப் பார்த்துவிட்டு இதுதான் திட்டம் போல என்று நினைத்துக்கொண்டாள். புடவையை ஒதுக்கிக்கொண்டு என் பக்கத்து வெஸ்டர்னில் வந்து உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்ற ஒன்பது பேரும் ஆளுக்கொரு கோப்பையோடு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். பதினோரு பேர், பதினோரு வெஸ்டர்ன், கையில் டீ. நான் நோட்டில் எழுதி வைத்திருந்த அந்த நீளக் கூடத்துப் பெஞ்சு அப்படியே எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டது.

எழுந்திருங்கள் என்றார் முதலாளி. யாரும் எழுந்திருக்கவில்லை. என்னால் எழுந்திருக்க முடியவும் இல்லை. இந்தப் பதினொன்றையும் விட்டுவிட்டு மற்றதை ஏற்று என்று சக்கரபாணியிடம் சொன்னார். நாங்கள் உட்கார்ந்திருந்தது முன்வரிசை. எங்களைத் தாண்டி ஒன்றையும் எடுக்க வழியில்லை. அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். கடைசியில் முதலாளி, "தனக்கோடி, நீ என்னாய்யா பாத்துகிட்டு நிக்கிற? நீ யாரு பக்கம்?" என்றார்.

அண்ணனைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பத்தொன்பது வருடம் அந்த முதலாளியிடம் வேலை பார்க்கிறவர். அவர் பெண்ணின் காதுகுத்துக்கு முதலாளிதான் முன்னால் நின்றார். மீசை துடிக்க என்னிடம் வந்தார். "வேலு, அந்தக் காவியத்துல ராசா தப்பு பண்ணா வீரன் என்னா பண்ணுவான்?"

நான் நோட்டை மனதில் புரட்டினேன். ராஜா விழுந்தால் என்ன, ராஜா செத்தால் என்ன, எல்லாம் இருக்கிறது. ராஜா டாய்லெட் கட்டாவிட்டால் என்ன என்று இல்லை. "பாடத்துல வரலியேண்ணே" என்றேன்.

அண்ணன் நேராக ஆபீஸுக்குள் போனார். அந்த அரை லிட்டர் கோப்பையில் டீயை நிரப்பி எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு கையாலும் பிடித்து, எழுத்துப் பக்கம் முதலாளிக்குத் தெரிகிற மாதிரி திருப்பி நீட்டினார். குடிங்க மொதலாளி என்றார், அவ்வளவுதான். லாரி டிரைவர்களில் ஒருத்தர் எழுத்துக் கூட்டி, கேட்டதைக் கொடுப்பவன் ராஜ்மோகன் என்று சத்தமாகவே படித்துவிட்டார்.

"அது ஏதோ சும்மா எழுதனது" என்றார் முதலாளி.

"சும்மா எழுதலீங்க" என்றாள் காசியம்மாள் அக்கா. "சுட்டது."

முதலாளிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கோப்பையைப் பிடுங்கி ஓங்கி எறிந்தார். அது டீயை வாரி இறைத்துக்கொண்டு போய் வைக்கோல் மேல் விழுந்து, உருண்டு, ஒரு வெஸ்டர்னில் மோதி ணங்கென்று நின்றது. விரிசல் இல்லை, சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தனக்கோடி அண்ணன் போய் எடுத்தார். ஒட்டிய வைக்கோலை ஊதிவிட்டு, வேட்டியில் துடைத்து, மறுபடியும் இரண்டு கையாலும் நீட்டினார். "நம்ம சரக்குங்க. ஒடையாது."

முதலாளி வாங்கிக்கொண்டார். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபத்தை வைத்துக்கொண்டே இருக்கத்தான் பார்த்தார், ஆனால் சரக்கைப் புகழ்ந்தால் அவருக்கு வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடும். அந்த நேரம் பார்த்து இனியாவின் கார் உள்ளே வந்தது. இறங்கிய பெண் எங்கள் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தது. காகிதத்தை எடுத்து, இந்தப் பதினொன்றும் எடை தாங்குகிறது என்று குறித்துக்கொண்டது. காசியம்மாள் அக்கா எண்பது கிலோ, அதைத் தாங்கினால் எதையும் தாங்கும்.

"எங்க கட்டணும்? எடத்தக் காட்டு" என்றார் முதலாளி, என் முகத்தைப் பார்க்காமல்.

நான் எழுந்து காட்டினேன். ஆடிப்பெருக்குக்குள் முடியவேண்டும் என்றேன், அவர் ஒப்புக்கொண்டார். நான் காட்டியது பின்பக்கச் சுவரை ஒட்டி, தனக்கோடி அண்ணன் இரண்டு வருடம் ஏறிக் குதித்த அதே இடம். அடுத்த திங்கட்கிழமை பெண்ணாடத்திலிருந்து கொத்தனார் வந்தார். உள்ளே வைக்க முதலாளி ஒரு வெஸ்டர்னும் ஒரு இண்டியனும் கொடுத்தார். வெஸ்டர்னைத் தட்டினேன், டொப்பென்றது. நான் ஓரமாக ஒதுக்கிய விரிசல் சரக்கை எனக்கே தள்ளப் பார்க்கிறார். இது வேண்டாம் என்றேன். "உன்ன வேலைக்கி வச்சதுதான் நான் பண்ண தப்பு" என்று திட்டிக்கொண்டே முதல் தரத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். திறப்பு விழா வேண்டும், ரிப்பன் வெட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். சரி ராஜாவாயிற்றே என்று விட்டுவிட்டோம். ரிப்பன் வெட்டினார், கைதட்டினோம். அவர் உள்ளே எட்டிப்பார்க்கப் போனபோது அக்கா கையைக் குறுக்கே நீட்டி, இது பொம்பளைங்களுது என்று சொல்லிவிட்டாள்.

அது நடந்து பத்து நாள் இருக்கும். மதியம் பன்னிரண்டு மணிக்கு முதலாளி ஷெட்டுக்குள் வந்தார். மூலையில் குடிதண்ணீர் கேன் காலியாகக் கிடந்தது. அதைத் தூக்கி, கவிழ்த்து, அடியில் தடவிப் பார்த்தார். இந்தக் கேன் எப்போதும் மறுநாள் வரைக்கும் வருமே, ஒரு வாரமாக மதியத்துக்குள் தீர்ந்துபோகிறது, ஓட்டையா, இல்லை யாராவது பாட்டிலில் பிடித்து வீட்டுக்கு எடுத்துப்போகிறீர்களா என்று கேட்டார். நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். இது எப்படி அவருக்குத் தெரியாமல் இருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பிறகு, தெரிந்திருக்க நியாயமில்லை என்றும் தோன்றியது.

காசியம்மாள் அக்கா மண் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஓட்டையெல்லாம் இல்லீங்க. குடிச்சிட்டோம். இருவத்திரண்டு வருசமா இந்த ஷெட்டுல நான் பகல்ல தண்ணி குடிச்சதில்ல. டீ ரெண்டு மடக்கு, அதோட சரி. குடிச்சா எங்க போறதுன்னுதான். இப்பதான் குடிக்கிறேன்."

சூளையின் சூடு ஷெட் பூரா அடித்துக்கொண்டிருந்தது. முதலாளி காலிக் கேனைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். போனை எடுத்துத் தண்ணீர் போடுகிறவரைக் கூப்பிட்டு, உடனே ஒரு கேன் கொண்டுவா, நாளையிலிருந்து தினம் மூன்று போடு என்றார். அது வந்து சேர்கிற வரைக்கும் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கேன் வந்ததும் அவரே மூடியைப் பிரித்து ஸ்டாண்டில் கவிழ்த்தார். அக்கா முதல் ஆளாகப் போய்ச் சொம்பு நிறையப் பிடித்து, நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தாள்.